பிடிச்ச பிடியை விடாத ஆசாமி!

பெங்களூர் மால்களில் கண்ணாடித் தொட்டிக்குள் காலை விட்டுக்கொண்டு சிலர் நெளிவார்களே, பார்த்திருக்கிறீர்களா? பாதத்தைக் கொறிக்கிற அந்தக் குட்டி மீனின் பெயர் கர்ரா ரூஃபா. துருக்கி, ஈரான் பக்கத்துக்காரர். துட்டு வாங்கிக்கொண்டுதான் கடிப்பார். அதிலும் பல் கிடையாது!

அவருடைய பங்காளி ஒருத்தர் நம்ம காவிரியிலேயே இருக்கார் ஸார். கர்ரா முல்லியா. 1839-ல் சைக்ஸ் என்கிற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி தக்காணத்து மீன்களைப் பற்றி எழுதியபோது வைத்த பெயர். பெரும்பாலும் விரல் நீளம்தான். ஆனால் கீழுதட்டுக்குப் பின்னால் வட்டமாக ஒரு தசைத் தட்டு. பாத்ரூம் டைல்ஸில் ஒட்டுவோமே ரப்பர் கொக்கி, அதே டெக்னிக். பாறையில் வைத்து அழுத்தினால் ஆள் அசையமாட்டார். தலைக்கு மேல் வெள்ளம் பாயும். இவர் பாட்டுக்குப் பாசியைச் சுரண்டி டிபன் முடிப்பார். ஓசூர் கம்பெனி பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி தூங்கும் நைட் ஷிஃப்ட்காரர்களுக்கு இந்த வித்தை புரியும்.

அஞ்செட்டி தாண்டினால் பிலிகுண்டுலு. காவிரித் தண்ணீரை மத்திய நீர் ஆணையம் அளக்கிற இடம். 2018-ல் சுப்ரீம் கோர்ட் சொன்ன 177.25 டி.எம்.சி. இங்கேதான் கணக்காகிறது. மீனுக்கு டி.எம்.சி. தெரியாது. ஓட்டம் வேணும், ஓட்டத்தில் கலக்கிற காற்று வேணும், சேறு மூடாத பாறை வேணும்.

காவிரியை விடுங்கள். ஓசூருக்குப் பக்கத்தில் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணை. பெங்களூர்க் கழிவு கலந்து வருவதால், மழை பெய்து மதகைத் திறந்தால் நுரை மலையாய்க் குவிகிறது. போன தடவை நண்பன் ஒருத்தன் எட்டிப் பார்த்துவிட்டு, "காஷ்மீர் மாதிரி இருக்குடா!" என்று போட்டோ எடுத்தான்.

"காலை நனைக்கலாமா?" என்றேன்.

"ஐயோ, வேணாம்ப்பா" என்று இரண்டடி பின்னால் போய்விட்டான்.