வெட்கம் காவலா? குற்றத்திற்குத் திரையா?



பிள்ளைகள் மீதான பாலியல் கொடுமை பற்றிப் பேச்செடுத்தாலே, "இதையெல்லாம் பிள்ளைகளிடம் பேசுவதா? வெட்கமாக இல்லையா?" என்கிறோம். ஆசிரியர் சொல்லட்டும் என்கிறார் தந்தை. அது வீட்டு விஷயம் என்கிறார் ஆசிரியர். நடுவில் பிள்ளை தனித்து நிற்கிறது.

மத்திய அரசு 2007ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் விசாரித்ததில் 53 சதவீதத்தினர் ஏதோ ஒரு வகையில் இக்கொடுமைக்கு ஆளானதாகக் கூறினர். ஆண் பிள்ளைகளும் தப்பவில்லை. கொடுமை செய்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரியவர்கள்! "அந்நியரிடம் மிட்டாய் வாங்காதே" என்ற எச்சரிக்கை மட்டும் போதுமா?

இது நமக்குப் புதிய பாடமும் அல்ல. பருவமடையாத பிள்ளைகளும் மூன்று நேரங்களில் அனுமதி கேட்டே பெற்றோரிடம் வர வேண்டும் என்கிறது அந்நூர் அத்தியாயம் (24:58). பத்து வயதில் படுக்கையைப் பிரிக்கச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். உடலுக்கு எல்லை உண்டு என்ற பாடமல்லவா இது?

உளூச் செய்யப் பழக்கும் வயதிலேயே சொல்லுங்கள்: "உள்ளாடை மறைக்கும் இடங்களை யாரும் தொடக் கூடாது. சுத்தம் செய்யும் தாயும், நாங்கள் உடனிருக்கும்போது மருத்துவரும் மட்டுமே விலக்கு. மீறினால் சத்தம் போடு, விலகி ஓடு, எங்களிடம் சொல். 'யாரிடமும் சொல்லாதே' என்று எவர் சொன்னாலும் மறைக்காதே. பயத்தில் கத்த முடியாமல் போனாலும் தவறு உன்னுடையதல்ல."

ஒருமுறை சொன்னால் போதாது. இரவு பத்து மணிக்குக் கடையடைத்து வரும் சகோதரரே! கல்லாக் கணக்குப் பார்க்கும் நீங்கள், ஓதப் போக மாட்டேன் என்று திடீரென அழும் பிள்ளையிடம் காரணம் கேட்டீர்களா, கையை ஓங்கினீர்களா?

பிள்ளை வாய் திறந்தால் நம்புங்கள். குடைந்து குடைந்து கேட்காதீர்கள். ஜமாஅத்தில் பேசி முடிக்கவும் முயலாதீர்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ் உள்ளவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை. பள்ளியோ மதரஸாவோ, விதிவிலக்கு இல்லை. பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடையின்றி வந்துதான் வாக்குமூலம் வாங்க வேண்டும். பெயரை வெளியிடவும் தடை உண்டு. 1098 என்ற எண்ணை அழைத்தால் உதவி கிடைக்கும்.

"மானம் போய்விடுமே" என்கிறோம். யாருடைய மானம்? நம் மௌனம் காப்பது குற்றவாளியின் மானத்தையே! பிள்ளைகள் இறைவன் தந்த அமானிதம். அதற்கு நாளை என்ன பதில் சொல்லப் போகிறோம்?

சிந்திப்போம்! இன்றிரவே பேசத் தொடங்குவோம்!