எல்லாம் கள்ளே என்போருக்கு

பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியிருப்பில் பாணனுக்குக் கிடைக்கும் பானத்தைக் 'கள்' என்ற ஒற்றைச் சொல்லால் விளக்கிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுகிறோம். வகுப்பறைகளில் நாம் ஆண்டுதோறும் செய்துவரும் பிழை இது. சங்க நூல்களில் கள் பொதுப்பெயர். இன்றைய மாணவனுக்கோ அது பனையிலும் தென்னையிலும் இறக்குவது. பாளைச் சாறு தானே புளிக்கும். அதற்குத் துழாவிய களி எதற்கு? ஆற்றுவதற்கு வாயகன்ற பிழா எதற்கு?

உருத்திரங்கண்ணனார் சொல்வது அரிசி பீர். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, ஆறவைத்து, அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, பிறகு விரலால் அலைத்துப் பிழிந்து அரிக்கிறார்கள். வரிசையைக் கவனியுங்கள். கசடு முழுவதும் சாடிக்குள் போகிறது, அரிப்பு கடைசியில்தான்.

ஐரோப்பிய முறை நேர் எதிர். அங்கே வீட்டில் பீர் காய்ச்சுபவர் முளைகட்டிய பார்லியின் சாற்றை முதலிலேயே சக்கையிலிருந்து பிரித்து, ஹாப் பூவுடன் கொதிக்கவைத்து, குளிரச்செய்து, புளிக்கும் கலத்துக்கு மாற்றுகிறார். அப்போது பானையின் அடியில் ஹாப் துகளும் திரிந்த புரதமுமாக மண்டி தங்கும். சாற்றைச் சுழற்றிவிட்டால் மண்டி நடுவில் குவியும் (தேநீர்க் கோப்பையில் இலைகள் நடுவே சேர்வதற்கு ஐன்ஸ்டைன் 1926இல் காரணம் எழுதினார்). ஓரத்தில் குழாய் வைத்துத் தெளிவை மட்டும் இழுக்கலாம். சிறிது மண்டி கூடப் போனாலும் கேடில்லை. அதிலுள்ள கொழுப்பும் துத்தநாகமும் ஈஸ்ட்டுக்கு உதவும். அரிசிக் களியில் இப்படி முன்கூட்டிப் பிரிக்க வழியில்லை. மாவு சாடிக்குள்ளேயே இனிப்பாக மாறி, அங்கேயே புளிக்கவும் வேண்டும். முதலில் வடித்தால் விளைவதற்கு எதுவும் எஞ்சாது.

இது தெரிந்தவர்க்கே அரியலும் தேறலும் வேறு வேறு என்பது புலப்படும். அரித்தது அரியல். மண்டி அடியில் இறங்க, மேலே தெளிந்து நிற்பது தேறல். கலங்கல் நீர்ப்பானையின் உட்புறத்தில் உரைக்கும் தேற்றாங்கொட்டைக்கும் அதே வேர்தான். இரண்டு செய்முறைகள், இரண்டு பெயர்கள். இரண்டுக்கும் 'கள்' என்றே பொருள் எழுதும் கையேடுகளை என்னவென்பது?

'மாணவர்க்குச் சாராயம் காய்ச்சக் கற்பிப்பதா?' என்று வெகுண்ட மூத்த பேராசிரியர் ஒருவரை நாம் அறிவோம். பீருக்கும் சாராயத்துக்கும் உள்ள தொலைவு அவருக்குப் பொருட்டில்லை. மருதத் திணைக்கு வந்தால் மட்டும், ஏரின் உறுப்புகளைக் கரும்பலகையில் படம் போட்டே விளக்குவார்.