வெப்பமானிக்கும் பொருளாதாரத் தடையா?

1973 ஜூலை. இந்தோசீனாவில் அமெரிக்கக் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. அப்போதும் சோவியத் சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரில் இரண்டாவது சர்வதேச உறைநில மாநாடு கூடியது. அமெரிக்க அறிவியலாளர்களும் பங்கேற்றனர். சோவியத் ஒன்றியத்தை ரீகன் 'தீய பேரரசு' எனத் தூற்றிய 1983ஆம் ஆண்டிலேயே சர்வதேச உறைநிலச் சங்கம் பிறந்தது. நிறுவிய நாடுகள்: சோவியத் ஒன்றியம், அமெரிக்கா, கனடா, சீனா.

இன்றைய நிலை என்ன? 2022 மார்ச்சில் ஆர்க்டிக் கவுன்சிலின் மற்ற ஏழு உறுப்பு நாடுகளும் ரஷ்யாவுடனான பணிகளை நிறுத்தின. ஐரோப்பிய ஒன்றியம் ஆய்வு ஒத்துழைப்பை முடக்கியது.

போரை எதிர்ப்போர் இதனை ஏற்க வேண்டும் என்கின்றனர். போரை நாமும் எதிர்க்கிறோம். பேச்சுவார்த்தையே தீர்வு என்கிறோம். ஆனால் நிலத்தடி வெப்பமானியைத் தண்டித்தால் எந்தப் பீரங்கி ஓயும்? அதன் பின்னரும் ரஷ்ய எரிவாயுவை ஐரோப்பா வாங்கியதே! மூலதனத்துக்குத் திறந்த கதவு அறிவியலுக்கு அடைக்கப்பட்டது.

ரஷ்ய நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உறைநிலமே. வளிமண்டலத்திலுள்ள கரிமத்தைப்போல் ஏறக்குறைய இருமடங்கு வடபுல உறைநிலத்தில் புதைந்து கிடக்கிறது. சைபீரிய அளவீடுகளை விலக்கிய கணிப்பு எவ்வாறு முழுமையாகும்? நிலம் உருகி வெளியேறும் மீத்தேன் கடவுச்சீட்டுக் காட்டியா எல்லை கடக்கும்? அதன் விலையை லடாக்கின் உழவரும் கடலோர மீனவரும் கொடுக்க நேரும்.

இந்தியா 2013 முதல் அக்கவுன்சிலின் பார்வையாளர் நாடு. எண்ணெய்க்காக மாஸ்கோவுடன் பேசும் மோடி அரசு, உறைநில அளவீடுகளுக்காகவும் பேசட்டும். அறிவியல் மனிதகுலத்தின் பொதுச் சொத்து. அதை முற்றுகையிடும் உரிமை எவருக்கும் இல்லை.