பிள்ளை பெற்றவளைப் பட்டினி போடாதீர்கள்!

"அத்தை, நாக்கு வறளுது. ஒரு மடக்குத் தண்ணி தாங்க."

"பொறுத்துக்கோ தாயி. பச்சத் தண்ணி குடிச்சா புண்ணுல நீர் கோத்துக்கும். வயிறு தொந்தியாப் போயிரும்."

கோவில்பட்டிப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில், பிள்ளைப்பேறு வார்டுக்குள் நுழைந்தால் இந்தப் பேச்சு காதில் விழாமல் போகாது.

கட்டிலில் கிடப்பவள் முந்தின நாள் ஆபரேஷன் செய்து பிள்ளை பெற்றவள். டாக்டர் காலையிலேயே வந்து பார்த்தார். "தண்ணீர் குடி. இட்லி சாப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் டாக்டரின் தலை மறைந்ததும் சட்டம் மாறிவிடுகிறது. வார்டில் மாமியார் சட்டம்தான் செல்லும்!

மாமியார் கெட்டவர் அல்ல. ராத்திரி முழுவதும் கண் விழித்து, கட்டிலுக்குப் பக்கத்தில் துண்டை விரித்துப் படுத்தவர் அவர்தான். அவருடைய மாமியார் அவருக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அது. அன்பினால்தான் தடுக்கிறார். ஆனால் அந்த அன்பே மருமகளை வாட்டுகிறது.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை அல்ல. 2015-16-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவத்துக்கு 34 ஆபரேஷன் பிரசவம். 2019-21-ல் எடுத்த கணக்கில் அது 45 ஆகிவிட்டது. தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டும் பார்த்தால் 64! இத்தனை ஆபரேஷன் தேவையா என்பது பெரிய வழக்கு. அதை இன்னொரு நாள் பேசலாம். ஆபரேஷன் ஆகிவிட்டது. கட்டிலில் கிடப்பவள் என்ன சாப்பிடுவது? இன்றைக்கு அதுதான் கேள்வி.

பயம் எங்கிருந்து வந்தது?

ஆபரேஷன் என்றால் பட்டினி என்ற எண்ணம் சும்மா வந்ததல்ல. அமெரிக்காவில் மெண்டல்சன் என்று ஒரு டாக்டர் இருந்தார். பிரசவத்தின்போது மயக்க மருந்து கொடுத்த சில பெண்களுக்கு, வயிற்றில் இருந்தது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கியதை அவர் கண்டார். 1946-ல் அதை எழுதினார். அதிலிருந்து, பிரசவ நேரத்தில் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்ற விதி உலகம் முழுவதும் பரவியது.

கவனியுங்கள். அது பிள்ளை பிறப்பதற்கு முந்திய பட்டினி. பிறந்த பின் போடும் பட்டினி அல்ல!

இப்போது பெரும்பாலும் முதுகுத்தண்டில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப் போகச் செய்கிறார்கள். தாய் விழித்திருக்கிறாள். குழந்தை அழுவதைக் காதால் கேட்கிறாள். டாக்டர் வெட்டுவது கர்ப்பப்பையை. குடலை அல்ல.

"காற்றுப் பிரிந்த பிறகுதான் சாப்பாடு" என்று முன்பு டாக்டர்களே சொன்னதுண்டு. இப்போது அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து 2 மணி நேரத்துக்குள் வழக்கமான சாப்பாட்டைத் தொடங்கலாம் என்று, பல நாட்டு நிபுணர்கள் கூடி 2019-ல் வெளியிட்ட வழிமுறை சொல்கிறது. சில டாக்டர்கள் இன்னும் சில மணி நேரம் போகட்டும் என்பார்கள். ரத்தம் அதிகம் போனவள், முழு மயக்கம் கொடுக்கப்பட்டவள், வாந்தி எடுக்கிறவள் ஆகியோருக்குக் கணக்கு வேறு. ஆகவே எப்போது தொடங்குவது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவர் "கொடு" என்று சொன்ன பிறகு, "வேண்டாம்" என்று சொல்ல நாம் யார்?

தண்ணீர்! தண்ணீர்!

தாய்ப்பாலில் 100-க்கு 87 பங்கு தண்ணீர். குழந்தைக்கு 6 மாதம் வரை ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தனியாகத் தர வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். பால் குடிக்கும் குழந்தை சில வாரத்தில் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் வரை குடிக்கும். அவ்வளவையும் தருகிறவள் நாக்கு வறண்டு கிடக்கலாமா?

தண்ணீர் குடித்தால் தையலில் நீர் கோக்காது. குடித்த தண்ணீர் குடலுக்குப் போகிறது, தையலுக்குப் போவதில்லை. குடிக்காவிட்டால்தான் ஆபத்து. மூத்திரம் கடுக்கும். மலம் இறுகும். முக்கினால் தையல் வலி உயிர் போகும். சித்திரை வெயிலில் கரிசல் காடு எப்படிக் கொதிக்கும் என்று நமக்குத் தெரியும். குடத்தோடு மைல் கணக்கில் நடந்த ஊர்க்காரர்கள் நாம். தண்ணீரின் அருமையை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். பால் கொடுக்கும் போதெல்லாம் ஒரு தம்ளர் தண்ணீர் அவள் கையில் கொடுங்கள். வெந்நீர்தான் பிடிக்கும் என்றால் ஆற வைத்த வெந்நீர் கொடுங்கள்.

பருப்பும் சீழும்

அடுத்த தடை பருப்புக்கு. "பருப்பு தின்றால் புண் சீழ் பிடிக்கும்" என்கிறார்கள். சீழ் பிடிப்பது கிருமியால். பருப்பினால் அல்ல. அறுத்த சதை ஒட்டுவதற்குப் புரதச் சத்து வேண்டும். பருப்பு, பயறு, முட்டை, மீன், பால் ஆகியவற்றில்தான் அது இருக்கிறது. எது தையலை ஆற்றுமோ அதையே தடுத்து வைக்கிறோம்!

இதில் பாட்டிமார் சொல்வது அடியோடு பொய் என்றும் நான் சொல்லமாட்டேன். ஆபரேஷன் ஆன முதல் இரண்டு நாள் வயிறு உப்பும். வாய்வு குத்தும். அப்போது கிழங்கு, மொச்சை, கொண்டைக்கடலை வேண்டாம். பாசிப்பருப்பைக் குழைய வேக வைத்துக் கொடுங்கள். மெல்ல எழுந்து நாலு எட்டு நடந்தால் வாய்வு தானே இறங்கும்.

சரி, பருப்பும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம் என்றால் பிறகு எதைத்தான் கொடுக்கிறார்கள்? ரஸ்க்! காலையில் ரொட்டியும் காப்பியும். மத்தியானம் மிளகு ரசம் சோறு. ராத்திரி மறுபடி ரஸ்க். பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம் கொண்டு வருகிறார்கள். மைதா மாவைத் தின்று தாய் என்னத்தைத் தேறுவாள்?

பால் கொடுக்கும் தாய்க்கு முதல் 6 மாதம் தினமும் 600 கலோரி கூடுதலாக வேண்டும். ஏறத்தாழ ஒரு வேளைச் சாப்பாடு. ரத்தக் கணக்கு இன்னும் மோசம். சுகப்பிரசவத்தில் அரை லிட்டர் வரை ரத்தம் போகும். ஆபரேஷனில் ஒரு லிட்டர் வரை போகலாம். நம் மாநிலத்திலோ 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 53 பேர் ஏற்கெனவே சோகை உள்ளவர்கள்.

காலடியில் புதையல்

நம் மண்ணில் என்ன குறை? கரிசலில் மானாவாரியாகக் கம்பு விளைகிறது. சோளம், குதிரைவாலி, உளுந்து, பாசி விளைகின்றன. வெள்ளை அரிசியில் 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம் இரும்புச் சத்துகூட இல்லை. கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேல். கேழ்வரகில் உள்ள சுண்ணாம்புச் சத்து, அதே எடையுள்ள பாலில் உள்ளதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு.

பெண் பெரியவளானால் உளுந்தங்களி. பேறுகாலம் ஆனால் உளுந்தங்களி. கறுப்பு உளுந்து, உடன்குடிக் கருப்பட்டி, செக்கு நல்லெண்ணெய் மூன்றும் சேர்ந்த அந்தக் களியைக் கண்டுபிடித்தவள் எந்தக் கல்லூரியிலும் படித்தவள் அல்ல. உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் அதே ஜாதி. வாய்வு அடங்கியதும், மூன்றாம் நாள் நான்காம் நாளில் டாக்டரிடம் கேட்டுவிட்டு இவற்றைத் தூக்குச்சட்டியில் கொண்டு போகலாம். சர்க்கரை வியாதி உள்ளவளுக்கு மட்டும் கருப்பட்டி ஆகாது. அதுவும் சர்க்கரைதான்.

கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிள்ளை பார்க்க வருகிறவர்கள் பிஸ்கட்டுக்குப் பதில் அதையே வாங்கி வரலாமே! ஒரு வாரம் கழித்து அவளே தின்பாள்.

ஏழு நாள் சாப்பாடு

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று. 2011 ஜூன் முதல் மத்திய சர்க்கார் திட்டம் ஒன்று நடக்கிறது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவளுக்கு இலவசச் சாப்பாடு உண்டு. சுகப்பிரசவம் என்றால் 3 நாள். ஆபரேஷன் என்றால் 7 நாள். அது பிச்சை அல்ல, உரிமை. கோவில்பட்டி மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிக்கும் அது பொருந்தும். கிராமத்துத் தாய்க்கும் பொருந்தும்.

அந்தச் சாப்பாட்டை வாங்கி, "இது பத்தியத்துக்கு ஆகாது" என்று உடன் இருப்பவர்கள் தின்றுவிட்டு, பெற்றவளுக்கு ரஸ்க்கை நனைத்துக் கொடுப்பது என்ன நியாயம்? சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. கரிசல் சீமை ஆஸ்பத்திரியில் ஒரு வேளையாவது கம்பங்கஞ்சியும் பாசிப்பயறும் போட்டால், இந்த ஊர்ப் பெண்கள் முகம் சுளிக்கமாட்டார்கள்.

பணமும் வருகிறது. 1987-ல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி, 2018-ல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. ஊட்டச்சத்துப் பெட்டகமும் அதில் அடக்கம். அந்தப் பணத்தில் பேர் சூட்டும் விழாவுக்குப் பந்தல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தாய்க்கு ஒரு படி உளுந்து வாங்கியவர்கள் எத்தனை பேர்?

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு இன்னொரு வழக்கம் தலைதூக்குகிறது. ஆண்கள் சாப்பிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு, சட்டியில் மிஞ்சியதுதான் அவளுக்கு. சில மாதத்தில் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போக வேண்டியவள் அவள். பால் கொடுக்கிறவரை முதல் தட்டு அவளுக்குப் போடுங்கள். 180 நாள் சாப்பிடச் சொல்லி இரும்புச் சத்து மாத்திரை தருவார்கள். அதைக் காப்பி, டீயோடு விழுங்கினால் உடம்பில் சேராது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, எலுமிச்சம்பழச் சாறு கலந்த தண்ணீரில் விழுங்கச் சொல்லுங்கள். அந்தத் தண்ணீரையாவது மறைத்து வைக்காதீர்கள்!