நந்தினியை ஏன் வெறுக்க முடியவில்லை?



சென்ற மாதம் தியாகராய நகரில் ஒரு நிக்காஹ் விருந்து. சாப்பாட்டுக்கு அழைப்பு வரும்வரை பெண்கள் பகுதியில் அமர்ந்திருந்தேன். மயிலாப்பூரில் குடியிருக்கும் உறவுக்காரப் பெண்மணி ஒருவர் அருகில் வந்தமர்ந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். நலம் விசாரித்து முடியுமுன்பே, "ராத்தா, நீங்கள்தானே மாதந்தோறும் புத்தகம் புத்தகம் என்று எழுதுகிறீர்கள். என் மகளுக்கு நீங்களே புத்தி சொல்லுங்கள்" என்றார்.

மகளுக்குப் பதினேழு வயது. பன்னிரண்டாம் வகுப்பு. 'பொன்னியின் செல்வன்' திரைப்படம் 2022-லும் 2023-லும் இரு பகுதிகளாக வெளிவந்தபோது பார்த்தவள். பின்னர் லஸ் பக்கம் பழைய புத்தகக் கடையில் ஐந்து பாகங்களையும் வாங்கி வந்து படிக்கத் தொடங்கிவிட்டாளாம். இஷாத் தொழுகைக்குப் பிறகு விளக்கை அணைப்பதே இல்லையாம். பரீட்சை நெருங்குகிறதே என்ற கவலையாக்கும் என்று எண்ணி நான் சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவருடைய வருத்தம் அதுவன்று.

"கொலைக்குத் துணிந்த ஒருத்திக்காக அழுகிறாள் ராத்தா! கிழவரை மணந்துகொண்டு அவரையே ஏமாற்றுகிறவள் அந்த நந்தினி. அவள் பக்கம் நியாயம் பேசுகிறாள். கண்டித்தேன். அதற்கு அவள் என்ன கேட்டாள் தெரியுமா? 'நந்தினி சொல்ல வந்ததை யாருமே காது கொடுத்துக் கேட்கவில்லை உம்மா. நம் சாச்சி சொல்ல வந்ததை நாம் கேட்டோமா?' என்கிறாள்."

இதைச் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சாச்சி என்று அந்தப் பெண் குறிப்பிட்டது இவருடைய உடன்பிறந்த தங்கையை. வாப்பா மறைந்த பின் பூர்விக வீட்டுப் பங்கு குறித்து எழுந்த மனத்தாங்கலில் ஒன்பது ஆண்டுகளாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. தங்கை இருப்பது அடையாறில். மயிலாப்பூரிலிருந்து பஸ்ஸில் ஏறினால் அரைமணி நேரம்கூட ஆகாது. பெருநாளன்றுகூட ஒருவர் வாசலை மற்றவர் மிதிப்பதில்லை.

புத்தி சொல்லும்படி கேட்டவருக்கு அன்று நான் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, பல ஆண்டுகளாகத் தொடாமல் வைத்திருந்த நூலை மீண்டும் எடுத்தேன்.

கல்கி இக்கதையைத் தம் வார இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே மாதத்தில் முடித்தார். மூன்றரை ஆண்டுகள். நூலாக வந்தபோது இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேல். அதே ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார். வாரந்தோறும் மணியம் வரைந்த ஓவியங்களோடு வந்த பக்கங்களைக் கத்தரித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்துக்கொள்ளாத தமிழ் வீடுகள் அந்நாளில் குறைவு. எங்கள் வீட்டிலும் அப்படியொரு பைண்டு இருந்தது. கடைசிப் பக்கங்கள் இல்லாமல். அதனால் முடிவு தெரியாமலேயே பல ஆண்டுகள் கழித்தேன். தியாகராய நகர் தீனதயாளு தெருவில் இருந்த வானதி பதிப்பகத்தின் பதிப்பை வாங்கிய பிறகே அந்தக் குறை தீர்ந்தது. 1990-களின் இறுதியில் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்ட பின்பு, மலிவு விலையில் பலரும் வெளியிடத் தொடங்கினர். நடைபாதைக் கடைகளிலும் இன்று அது கிடைப்பதற்கு அதுவே காரணம்.

பழங்கதைகளில் நல்லவர் யார், தீயவர் யார் என்பதில் நமக்குக் குழப்பமே எழுந்ததில்லை. நம் மூதாட்டியர் இரவு வேளையில் இராகமிட்டு ஓதிய கிஸ்ஸாக்களை நினைத்துப் பாருங்கள். படைப்போர்ப் பாடல்களில் அணி இரண்டுதான். எந்த அணி வெல்ல வேண்டும் என்பது முதல் அடியிலேயே தெரிந்துவிடும். 1885-ல் கண்டியைச் சேர்ந்த சித்தி லெப்பை வெளியிட்ட 'அஸன்பே சரித்திரம்' தமிழின் முதல் நாவல்களுள் ஒன்று. அதன் நாயகன் அஸன் எத்தனை துன்பம் வந்தாலும் நேர்மை தவறாதவன். அவனுக்குத் தீங்கிழைப்போர் தீயவர்களாகவே வருகின்றனர். படிக்க இனிமையான கதைதான். ஆயினும் படித்து முடித்தபின் நமக்கு ஒரு கேள்வியும் மிஞ்சுவதில்லை.

திருவல்லிக்கேணியிலும் இராயப்பேட்டையிலும் உருது பேசும் இல்லங்கள் பல. உருதுமொழியின் புகழ்பெற்ற 'அமீர் ஹம்ஸா' தாஸ்தான் இலக்னோவின் நவல் கிஷோர் அச்சகத்தில் 46 பெருந்தொகுதிகளாக வந்தது. அதில் மாயக்கோட்டைகளும் மந்திரக்காரர்களும் நிறைந்த 'தில்ஸ்மே ஹோஷ்ருபா' பகுதி 1883-ல் வெளிவரத் தொடங்கிற்று. பெருமானாரின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்களின் பெயரைத் தாங்கிய நாயகன் என்றாலும், அது வரலாறன்று, முழுக்கக் கற்பனை. அங்கே நாயகனின் உற்ற தோழன் அம்ரு ஒரு தந்திரக்காரன், பேராசைக்காரன். கேட்பவர் மனம் கவர்ந்தவனும் அவனே. முழு நல்லவரைக் காட்டிலும் குறையுள்ளவரிடம் மனிதமனம் ஒட்டிக்கொள்ளும் விந்தை புதியதன்று என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கல்கி செய்தது இதற்கும் ஒரு படி மேல். அவர் நந்தினியை முதலில் காட்டும்போது நாம் அஞ்சுகிறோம். பல்லக்கில் வரும் அழகி. அறுபத்து நான்கு விழுப்புண்களைத் தாங்கிய பெரிய பழுவேட்டரையரை முதுமையில் மதிமயங்கச் செய்தவள். சோழ குலத்தை வேரறுக்கத் துடிக்கும் சதிகாரர்களுக்குத் துணை நிற்பவள். இவளை வெறுப்பதில் நமக்கு யாதொரு தடையும் இல்லை. பின்னர் மெல்ல மெல்ல அவளுடைய முன்கதை வெளிப்படுகிறது. குலம் இன்னதென்று தெரியாத வளர்ப்புப் பெண். அரச குடும்பத்துச் சிறுவர்களோடு விளையாடிய குற்றத்திற்காக அரண்மனையிலிருந்து விலக்கப்பட்டவள். காயமுற்றுக் கிடந்த வீரபாண்டியனின் உயிருக்காக ஆதித்த கரிகாலனிடம் கெஞ்சியவள். அவள் கண்ணெதிரிலேயே வாள் இறங்கியது. அச்செயலைக் கரிகாலனே தன் வாயால் நண்பனிடம் சொல்லி வெந்து நொறுங்கும் பகுதியை வாசித்துப் பாருங்கள். கொன்றவனும் கலங்குகிறான், பழிவாங்கப் புறப்பட்டவளும் கலங்குகிறாள். நாம் எவர் பக்கம் நிற்பது?

நல்லவளாகிய குந்தவையையும் ஆசிரியர் விட்டுவைக்கவில்லை என்பதே என்னை மிகவும் கவர்ந்தது. அறிவும் கருணையும் மிக்க இளவரசி. மக்களுக்கு மருத்துவமனை கண்டவள். அவளே சிறுவயதில் நந்தினியின் அழகைக் கண்டு பொறாமையுற்றாள். அந்தச் சிறுமையிலிருந்து தொடங்கிய பிளவுதான் பின்னாளில் பெரும் பகையாயிற்று. பெரிய வீடுகளில் நடக்கும் பெரும்பாலான பிரிவுகளுக்கு இப்படி ஒரு சிறு தொடக்கம் இருக்கத்தான் செய்கிறது.

பெரிய பழுவேட்டரையரையும் பரிகாசத்துக்குரிய கிழவராகவே மூன்று பாகங்கள் வரை எண்ணியிருந்தேன். சதியை அறிந்துகொண்ட பின் வெள்ளத்திலும் காட்டிலும் தடுமாறி அவர் கடம்பூர் மாளிகையை நோக்கி வரும் கட்டத்தில் அந்த எண்ணம் கரைந்துவிடுகிறது. இறுதியில் கரிகாலனின் மரணப்பழியைத் தம் தலைமேல் ஏற்றுக்கொண்டு மடிகிறார். உண்மையில் கொன்றவர் யார் என்பதைக் கல்கி திட்டவட்டமாகச் சொல்லாமலே விட்டுவிட்டார். வரலாறும் அவருக்கு முழு விடை தரவில்லை. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு, கொலையாளிகளாகச் சிலரின் பெயர்களையும் அவர்களுடைய சொத்து பறிமுதலானதையும் சொல்கிறது. இரவிதாஸன் என்ற பெயர் அதில் உண்டு. அவர்களுக்குப் பின்னால் எவர் இருந்தார் என்பதைச் சொல்வதில்லை. அந்த மௌனத்தில்தான் ஒரு நாவலாசிரியர் நந்தினியைப் படைத்தார். அவள் கற்பனைப் பாத்திரம் என்பதைப் பலர் இன்றும் நம்ப மறுக்கின்றனர்.

குறையும் சொல்லிவிடுகிறேன். தற்செயலாக ஒருவர் பேசுவதை மற்றவர் மறைந்து நின்று கேட்பது கதையில் எண்ணிறந்த முறை வருகிறது. கதையின் பெயருக்குரிய அருள்மொழிவர்மன் மாசுமறுவற்ற உத்தமன்; அவன் வரும் அத்தியாயங்களை நான் விரைவாகவே புரட்டிச் செல்வேன். உத்தமர்களைப் பற்றி எழுதுவது எழுத்தாளர்களுக்குக் கடினம் போலும்.

என் தங்கை மகன் ஒருவன் கணினி நிறுவனத்தில் பணிபுரிகிறான். அவனிடம் இதையெல்லாம் சொன்னேன். "பெரியம்மா, நான் ஆங்கிலத்தில் படிப்பதும் இதே கதைதான்" என்று அலமாரியைக் காட்டினான். தலையணை பருமனில் ஐந்து தொகுதிகள். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் என்ற அமெரிக்கர் எழுதியவை; முதல் தொகுதி 1996-லும் ஐந்தாவது 2011-லும் வெளிவந்தன. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற பெயரில் 2011 முதல் 2019 வரை தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. பறக்கும் நாகங்களும் மந்திரமும் கலந்த கற்பனை நாடு. ஆயினும் இங்கிலாந்தில் பதினைந்தாம் நூற்றாண்டில் நடந்த ரோஜாப் போர்களே அதற்கு உரம். முதல் தொகுதியில் ஜெய்மி என்ற வீரன் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனைக் கோபுரச் சாளரத்திலிருந்து தள்ளிவிடுகிறான். தன் அரசனையே கொன்றவன் என்று ஊரெல்லாம் அவனைத் தூற்றுகிறது. மூன்றாம் தொகுதியில் அவனே வாய்திறக்கிறான்: புத்தி பேதலித்த அந்த அரசன் நகரம் முழுவதையும் மக்களோடு எரித்துவிட ஆணையிட்டிருந்தான், அதைத் தடுக்கவே கொன்றேன் என்று. இத்தனை காலம் அதை ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை? யாரும் கேட்கவில்லை, கேட்காமலே தீர்ப்பளித்துவிட்டார்கள்.

கல்கி தம் கதையை முடித்தபோது மார்ட்டினுக்கு ஆறு வயதுகூட நிரம்பவில்லை. ஒருவர் நூலை மற்றவர் படித்திருக்க வழியில்லை. எங்கோ ஒரு மூலையில் மனித மனம் ஒரே மாதிரித்தான் வேலை செய்கிறது. (அந்த ஆங்கில நூல்களும், அதைவிடத் தொலைக்காட்சித் தொடரும், குடும்பத்தோடு படிக்கவோ பார்க்கவோ ஏற்றவை அல்ல. கொடூரமும் ஆபாசமும் மிகுதி. கல்கியை வீட்டில் எவரும் எடுத்துப் படிக்கலாம்.)

"தீமைக்கு இரங்கிப் பழகிய மனம் நாளை தீமையையே சரியென்று சொல்லாதா?" என்று சில சகோதரிகள் கேட்கக்கூடும். அந்தப் பெண்மணியின் அச்சமும் அதுதான். அற்பமான அச்சமென்று நான் தள்ளிவிட மாட்டேன். தீயோரைக் கவர்ச்சியாகக் காட்டிக் காசு பார்க்கும் கதைகள் ஏராளம். ஆனால் கல்கி நந்தினியின் கையிலுள்ள வாளுக்கு ஒருநாளும் நியாயம் கற்பிக்கவில்லை. அவள் எண்ணியது நடந்த பின்பு அவளுக்கு அமைதி கிட்டவும் இல்லை. செயல் தவறு, செய்தவளோ நம்மைப் போன்ற ஒரு பெண். இவ்விரண்டையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. அது எளிதன்று. வேதத்தை நாவலோடு ஒப்பிடும் துணிவு எனக்கில்லை. என்றாலும் யூசுப் (அலை) அவர்களைக் கிணற்றில் தள்ளிய சகோதரர்களின் செய்தி நம் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். பொறாமையால் செய்தார்கள் என்பதையும் இறைமறை மறைக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து அவர்களுக்கு மன்னிப்பு கிடைத்ததையும் மறைக்கவில்லை.

பத்து நாட்கள் கழித்து அந்தப் பெண்மணிக்குத் தொலைபேசியில் பேசினேன். மகளைக் கண்டிக்க வேண்டாம் என்றேன். "ஒன்று செய்யுங்கள். முதல் பாகத்தை நீங்கள் படித்துப் பாருங்கள்" என்றும் சொன்னேன். "எனக்கு எங்கே நேரம் ராத்தா" என்றார். பேச்சை வேறு பக்கம் திருப்பி, அவருடைய தங்கைக்குச் சென்ற மழைக்காலத்தில் உடல்நலம் கெட்டிருந்ததை நான் கேள்விப்பட்டதாகச் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. "பங்கு விஷயத்தில் அவள் அன்று ஏதோ சொல்ல வந்தாள். நான் கதவைச் சாத்திவிட்டேன்" என்றார். வேறொன்றும் சொல்லாமல் ஸலாம் கூறி வைத்துவிட்டார்.

சென்ற வெள்ளிக்கிழமை அவரிடமிருந்தே அழைப்பு வந்தது. மூன்றாம் பாகத்தில் இருக்கிறாராம். தாயும் மகளும் ஒரே பிரதிக்குப் போட்டியிடுவதால் மகள் ஐந்தாம் பாகத்தை ஒளித்து வைத்திருக்கிறாளாம். "கரிகாலனைக் கொல்வது நந்தினிதானா ராத்தா? அதை மட்டும் சொல்லிவிடுங்கள்" என்று கேட்டார். நான் சொல்லவில்லை. அடையாறுக்குப் போகும் பஸ் எண்ணையும் கேட்டார். அதைச் சொன்னேன்.