பொன்னாடை போர்த்தினால் போதுமா?

அண்மையில் பாராட்டு விழாவொன்றுக்குச் சென்றிருந்தேன். நூதனசாலைப் பணியிலே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த முதியவர் ஒருவருக்கு அன்று வாழ்நாள் சாதனையாளர் விருது. மங்கல விளக்கேற்றல், ஆசியுரை, வாழ்த்துரைகள் என இரண்டரை மணித்தியாலம் சென்ற பின்னரே அவரது தோளில் பொன்னாடை விழுந்தது. ஏற்புரைக்கு ஒதுக்கப்பட்டதோ ஐந்து நிமிடங்கள் மாத்திரமே.

விழா முடிந்து வாசலில் நின்றபோது பெரியவர் என் கையைப் பற்றிக்கொண்டார். "தம்பி, எந்தச் சிலை எந்தக் காணியிலையிருந்து வந்ததெண்டு கொப்பியிலை எழுதி வைச்சிருக்கிறன். எனக்குப் பிறகு அதை ஆரிட்டைக் குடுக்கிறது?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. மேடையில் பேசிய எவரும் அவரிடம் அதைப் பற்றிக் கேட்டிருக்கவுமில்லை.

கொழும்பு நூதனசாலை 1877 ஜனவரி 1ஆம் திகதி திறக்கப்பட்டது. அதனை உருவாக்கிய தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரியின் சிலை இன்றும் முன்றலிலே நிற்கிறது. கட்டடத்தை எழுப்பியவர் வாப்பிச்சி மரிக்கார். என்ன சன்மானம் வேண்டுமென்று கிரகரி அவரிடம் வினவியதாகவும், வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைத்தால் போதுமென்று அவர் கேட்டதாகவும், அவ்வேண்டுகோள் ஏற்கப்பட்டதாகவும் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகின்றது. இக்கதையில் என்னைக் கவர்வது மரிக்காரின் பெருந்தன்மை மாத்திரமன்று. கௌரவிக்க விரும்பியவர், கௌரவிக்கப்படுபவரிடம் அவரது விருப்பத்தைக் கேட்டார் என்பதுமாகும். நாம் கேட்பதில்லை. பொன்னாடையை முதலிலேயே வாங்கிவிடுகிறோம்.

பெரியவரின் கொப்பி சாதாரணமான ஒன்றன்று. தொல்பொருள் ஒன்றின் பெறுமதியிற் பெரும்பகுதி, அது எங்கே, எதனோடு சேர்ந்து கிடைத்தது என்பதிலேயே தங்கியுள்ளது. 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழுவினர் ஆனைக்கோட்டையில் கண்டெடுத்த முத்திரை மிகச் சிறியது. பெருங்கற்கால ஈமப் புதைகுழியொன்றில் மனித எலும்புக்கூட்டுடன் கிடைத்தமை பதிவு செய்யப்பட்டதனாலேயே அது வரலாற்றுச் சான்றாயிற்று. அதுவே பழைய இரும்புக் கடையொன்றிற் கிடைத்திருந்தால் யார் பொருட்படுத்தியிருப்பர்?

பதிவும் படியும் இல்லாதவை அழிந்தால் என்னவாகும் என்பதை நாம் அனுபவத்திலே கண்டவர்கள். 1933இல் க. மு. செல்லப்பா தமது இல்லத்தில் தொடங்கிய சிறு முயற்சியிலிருந்து வளர்ந்த யாழ்ப்பாணப் பொது நூலகம், 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அச்சு நூல்களிற் பலவற்றைப் பின்னர் மீளச் சேர்க்க முடிந்தது. அவற்றோடு சாம்பலான ஏட்டுச்சுவடிகளை எந்தக் கடையில் வாங்குவது?

நிதியில்லை என்று சிலர் சொல்லக்கூடும். மண்டபத்துக்கும் மலர்மாலைக்கும் செலவிடும் பணத்தில் ஒரு பகுதி போதும். விழாவுக்கு முன்னர் பல்கலைக்கழக மாணவர் இருவர் ஒரு வாரம் அந்தப் பெரியவரோடு அமர்ந்து, அவர் சொல்வதை ஒலிப்பதிவு செய்து, கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுக்கட்டும். ஒரு படி நூதனசாலையிலும் இன்னொன்று பல்கலைக்கழக நூலகத்திலும் இருக்கட்டும். 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் செயற்றிட்டம், ஈழத்து ஆவணங்களை இணையத்தில் சேர்ப்பது எவ்வளவு பயனுடையது என்பதை ஏற்கெனவே காட்டியுள்ளது. இத்தனையும் முடிந்த பின் பொன்னாடையையும் தாராளமாகப் போர்த்தலாம்.

மற்றவர்களை மாத்திரம் குறை சொல்லி நான் தப்பிக்கொள்ள முடியாது. இத்தகைய விழாக்கள் பற்றிய செய்திகளை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். தலைமை தாங்கியவர் யார், பிரதம விருந்தினர் யார் என்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் குறித்த நான், விருது பெற்றவருக்கு என்ன தெரியும் என்று ஒருபோதும் கேட்டதில்லை. அவர்களிற் பலர் இன்று இல்லை.

வருகின்ற ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரியவரின் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். இம்முறை பொன்னாடை கொண்டுபோகப் போவதில்லை. கமராவைத்தான் கொண்டுபோகிறேன்.