காகிதத்தில் இருக்கிறதா, பாருங்கள்



இம்முறை ஒரு நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றிப் பேசலாம். "கோர்ட்டு, கேசு எல்லாம் நமக்கெதற்கு வாத்தியாரே?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பூங்கா வழக்கு, பசுமை வழக்கு என்றுதான் பத்திரிகைகள் இதை எழுதின. ஆனால் இது பால்மரத்துக் காட்டிலிருந்து கிளம்பிய வழக்கு.

கோலாலம்பூரில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் என்ற வசதியான குடியிருப்பு இருக்கிறதல்லவா, அதன் பக்கத்தில் புக்கிட் கியாரா. முன்பு அது ரப்பர்த் தோட்டம். அரசாங்கம் தோட்டத்தை எடுத்துக்கொண்ட பிறகு அங்கே கோல்ப் மைதானம் வந்தது, குதிரைச் சவாரி மன்றம் வந்தது. பால் வெட்டிய குடும்பங்களை 1980-களின் தொடக்கத்தில் 'ரூமா பாஞ்சாங்' என்னும் தொடர் வீடுகளில் குடிவைத்தார்கள். நிரந்தர வீடு பிறகு வரும், இது தற்காலிகம்தான் என்றார்கள். அந்தத் தற்காலிகம் நாற்பது ஆண்டு நீண்டது. அங்கே பிறந்த பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளுக்கும் அங்கேயே தொட்டில் கட்டினார்கள்.

அந்த வீடுகளை ஒட்டி ஏறக்குறைய 25 ஏக்கரில் தாமான் ரிம்பா கியாரா என்ற பூங்கா. மரநிழல், ஓடை, நடைபாதை என்று ஊராருக்கெல்லாம் பொதுவான இடம். 2017 ஜூலையில் கோலாலம்பூர் டத்தோ பண்டார், இதில் சுமார் 12 ஏக்கரில் கட்டடம் எழுப்ப அனுமதி கொடுத்தார். 42 முதல் 54 மாடி வரை எட்டு சொகுசுக் கோபுரங்கள். கூடவே 29 மாடியில் 350 மலிவு வீடுகள். அந்த மலிவு வீடுகளில்தான் ரூமா பாஞ்சாங் குடும்பங்களுக்கு இடம்.

கணக்கைக் கவனித்தீர்களா? நம்மவருக்கு வீடு கொடுக்க வேண்டும் என்ற நியாயமான காரணம் முன்னால் நிற்கிறது. அதன் பின்னால் எட்டு சொகுசுக் கோபுரங்கள் ஏறிக்கொள்கின்றன.

சுற்றுவட்டார அடுக்குமாடி நிர்வாகக் குழுக்களும் குடியிருப்பாளர்களும் அந்த அனுமதியை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். தொடர் வீட்டுக்காரர்களின் சங்கமோ திட்டம் வேண்டும் என்ற பக்கம் நின்றது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இவ்வளவு காலம் ஒழுகும் கூரைக்குக் கீழே காத்திருந்தவன், வருகிற வீட்டை வேண்டாம் என்று சொல்வானா? அதே சமயம், வழக்குப் போட்டவர்களைப் 'பணக்காரர்களின் வம்பு' என்று தள்ளிவிடவும் முடியாது. இருக்கிற தொடர் வீட்டு நிலத்திலேயே இவர்களுக்கு நிரந்தர வீடு கட்டிக் கொடுங்கள், பூங்காவைத் தொடாதீர்கள் என்ற கோரிக்கையும் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான்.

2018 நவம்பரில் உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, கட்டட அனுமதியை ரத்து செய்தது. 2023 ஏப்ரல் 18-ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் அந்த ரத்து சரிதான் என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன்.

என்ன சொன்னது நீதிமன்றம்? நகரத்துக்கென்று அமைப்புத் திட்டம் என்ற ஒன்றை அரசிதழில் வெளியிட்டிருக்கிறார்கள். எந்த இடம் பூங்கா, எந்த இடம் குடியிருப்பு என்பதற்கு அதுதான் அடிப்படை. அது அலமாரியில் அழகுக்கு வைத்த புத்தகமல்ல, டத்தோ பண்டாரையும் கட்டுப்படுத்தும். தக்க காரணமின்றி அதை மீறக் கூடாது என்றது. ஆட்சேபம் சொன்னவர்களுக்குக் காரணம் காட்டாமல் முடிவெடுத்ததும் தவறு. இன்னொன்றும் உண்டு. அந்த நிலம் கூட்டரசுப் பிரதேச அறவாரியம் ஒன்றின் பெயரில் இருந்தது. அனுமதி கொடுக்க வேண்டிய டத்தோ பண்டாரே அந்த அறவாரியத்தின் நிர்வாகக் குழுவிலும் இருந்தார். மாணவன் தன் விடைத்தாளைத் தானே திருத்தினால் நான் மதிப்பெண்ணை ஏற்பேனா? நீதிமன்றமும் ஏற்கவில்லை.

பூங்கா பிழைத்தது. தீர்ப்பு வந்த அன்றும் தொடர் வீட்டுக் குடும்பங்கள் அதே வீடுகளில்தான் இருந்தன.

என்னை உறுத்துவது இதுதான். பூங்காவுக்கு அரசிதழில் ஏறிய காகிதம் இருந்தது. அதைக் காட்டி வாதாட வக்கீலுக்கு முடிந்தது. நம் குடும்பங்களுக்குக் கொடுத்த வாக்கு, கொடுத்தவர் வாயோடு நின்றது.

"நாலு தலைமுறையாக இருக்கிறோம், எங்களை யார் அசைக்க முடியும்?" என்று தோட்டங்களில் பேசுவதைக் கேட்கிறேன். ஐயா, அம்மா, அப்படி நம்பி இருந்துவிடாதீர்கள். 1965-ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டப்படி, எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் அந்தக் காரணத்துக்காக மட்டும் நிலம் உங்களுடையதாகாது. கிராண்டு யார் பெயரிலோ அவருடையதுதான். சிப்பாங் விமான நிலைய நெடுஞ்சாலைக்காக நிலம் இழந்த தெமுவான் பூர்வகுடியினருக்கு 2002-இல் ஷா ஆலாம் உயர்நீதிமன்றமும் 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நியாயம் வழங்கின. ஆனால் அது பூர்வகுடி மரபுரிமையின் பேரில் கிடைத்தது. தோட்டத்து வீடு நமக்கு வேலையோடு வந்த வீடு. அந்த வாதம் இங்கே செல்லாது.

அப்படியானால் நமக்கு என்ன இருக்கிறது? 'ரன்சாங்கான் தெம்பாத்தான்' இருக்கிறது. தீபகற்பத்தில் மாநகர, நகராண்மை, மாவட்ட மன்றங்கள் தயாரிக்கும் உள்ளூர்த் திட்டம் அது. மரம் நிற்கும்போதே, பால் வெட்டும்போதே, அந்த வரைபடத்தில் உங்கள் தோட்டம் தொழிற்பேட்டையாகவோ வீடமைப்புப் பகுதியாகவோ நிறம் மாறியிருக்கலாம். பிறகு மேம்பாட்டாளர் அனுமதி கேட்கும் கட்டத்தில் அறிவிப்புக் கடிதம் போனாலும், அது பக்கத்து நில உரிமையாளர்களுக்குத்தான். நாம் உரிமையாளர்கள் அல்லர். நம் லயத்துக்குத் தபால்காரர் வரமாட்டார். ஆனால் உள்ளூர்த் திட்டத்தின் நகல் மக்கள் பார்வைக்கு வரும்போது, நிலம் உள்ளவரும் இல்லாதவரும் எழுத்தில் ஆட்சேபம் சொல்லலாம். பத்திரிகையில் அறிவிப்புப் போட்டு, குறைந்தது நான்கு வாரம் அவகாசம் கொடுக்க வேண்டும் என்பது 1976-ஆம் ஆண்டுச் சட்டம். கூட்டரசுத் தலைநகருக்குத் தனிச் சட்டம்.

மன்ற அலுவலகத்துக்குப் போய் வரைபடத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மலாய் நன்றாகப் படிக்கும் பிள்ளையைக் கூட அழைத்துப் போங்கள். படித்த படிப்பு இப்படியும் உதவட்டும். ஆட்சேபம் எழுதினால் வெறும் வருத்தத்தை எழுதாதீர்கள். எத்தனை குடும்பம், எத்தனை ஆண்டு, பள்ளிக்கூடம் எங்கே, கோயில் எங்கே, சுடுகாடு எங்கே என்று கணக்கோடு எழுதுங்கள். நேரில் பேச வாய்ப்பு வேண்டும் என்றும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். கேட்டவருக்குத்தான் அந்த வாய்ப்புக் கிடைக்கும். தோட்ட நிர்வாகமோ அரசியல் தலைவரோ வீடு தருவதாகச் சொன்னால், மாலை போட்டுக் கைதட்டுவதற்கு முன் அதைக் கடிதமாகக் கேளுங்கள். ஒரு நகல் தலைவர் வீட்டிலும் இன்னொன்று வேறொருவர் வீட்டிலும் இருக்கட்டும். மன்றத்தில் மனு கொடுக்கும்போது, உங்கள் கையில் இருக்கும் பிரதியில் தேதியோடு முத்திரை குத்தச் சொல்லி வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.